எட்டாம் நம்பரின் பின்னால்

கூடைப்பந்தில் கார்டு என்றால் பந்தைக் கொண்டுபோகிறவள். வளையத்துக்குக் கீழே நிற்கிற உயரமானவர்களுக்குப் பந்து அவள் கையிலிருந்துதான் போக வேண்டும். இதை என் தோட்டத்தில் ஒருவருக்கும் என்னால் விளங்கவைக்க முடிந்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்தது காற்பந்து. கோல் போட்டவன் ஆட்டக்காரன். மற்றவர்கள் கூட ஓடியவர்கள்.

கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று. அப்பா குலை வெட்டுகிறவர், அம்மா உதிரிப் பழம் பொறுக்குவார். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பாதி வீடுகளில் வங்காளதேசத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தோட்டத்துக்கென்று ஒரு காற்பந்துக் குழு இருந்தது. பையன்கள் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் வேலைக்குப் போனதும் அது செத்துப்போனது. திடலில் மாடு மேய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஒன்றும் இல்லாமல் கிடந்த எங்கள் ஆட்களுக்கு நான் கிடைத்தேன்.

நான் ஐந்தடி இரண்டு அங்குலம். உயரம் இல்லை, வேகம் இருந்தது. பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தில், பதினைந்து வயதில், கூடைப்பந்து அணியில் சேர்ந்தேன். அணியில் என்னையும் ஒரு மலாய்ப் பெண்ணையும் தவிர எல்லாரும் சீனப் பிள்ளைகள். பயிற்றுநர் மட்டும் தமிழர். அதே பள்ளியில் புவியியல் ஆசிரியர், கிறிஸ்தவர்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஆபீசில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு எந்த வேலை, யாருக்கு இன்றைக்குப் பேர் இல்லை என்று முடிவுசெய்கிறவர் கிராணி. விடியற்காலையில் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். அவர் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார். ஏன் எனக்கு மேட்டுக் காடு, ஏன் அவனுக்குப் பள்ளம் என்று ஒருவன் கேட்டுவிட முடியாது. அந்தக் கிராணி செத்து வெகு காலம் ஆகிவிட்டது. ஆனாலும் தோட்டத்தில் மகனை யாரும் சார் என்று சொன்னதில்லை. கிராணி மவன் என்றுதான் சொல்வார்கள்.

நாலாம் படிவத்தில் ஓர் ஆட்டத்தில் பதினெட்டுப் புள்ளி எடுத்தேன். ஒன்பது தடவை கூடையில் விழுந்தது. எங்கள் கோயில் தலைவர் அன்றைக்கு வந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் அவருடையது. நானும் தினமும் அந்த வேனில்தான் போய்வந்தேன். அடுத்த வாரம் மாரியம்மன் கோயில் வாசலில் பேனர் தொங்கியது. எங்கள் பக்கம் அது வழக்கம். பரீட்சையில் நல்ல முடிவு வந்தால் பேனர், யாராவது பட்டம் வாங்கினால் பேனர். என் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது. கீழே, "ஒரே ஆட்டத்தில் 18 கோல்! தோட்டத்தின் தங்க மகள்" என்று போட்டிருந்தார்கள்.

கோல் இல்லை, புள்ளி என்று தலைவரிடம் சொன்னேன்.

"எதுவா இருந்தா என்னா பிள்ள, உள்ள போச்சுல்ல?" என்றார்.

எனக்கும் அது இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். கடையில் சீனி வாங்கப் போனால் கடைக்காரர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி எறிகிற மாதிரி காட்டுவார். அம்மாவுடன் வேலை செய்கிற பெண்கள் என்னை நிறுத்திக் கன்னத்தைத் தடவுவார்கள். அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வேன் நிறைய ஆள் வந்தது. உறுமி மேளம்கூட ஒன்று வந்தது. சீனப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாம் படிவத்தில்தான் எல்லாம் கெட்டது. அந்த வருஷப் போட்டியில் எல்லாப் பள்ளியும் இரண்டு சுற்று மோதி, மேலே வருகிற இரண்டு அணி இறுதி ஆட்டத்துக்குப் போகும். வடக்கே ஒரு பள்ளியோடு முதல் சுற்றில் மோதினோம். அவர்களிடம் எட்டாம் நம்பர் போட்ட ஒரு பெண் இருந்தாள். ஒல்லியாக, முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல், எங்கிருந்து எறிந்தாலும் உள்ளே போட்டாள். முப்பத்தொரு புள்ளி எடுத்தாள். நான் பதினாலு எடுத்தேன். மோசமாகத் தோற்றோம்.

மறு திங்கட்கிழமை பயிற்சியில் சார் என் கையிலிருந்து பந்தை வாங்கி, அணியிலிருந்த இன்னொரு கார்டிடம் கொடுத்தார். அவள் சுங்கை புரோங்கில் ரொட்டிக் கடை வைத்திருந்த சீனரின் மகள். நிதானமானவள், என் அளவுக்கு வேகம் கிடையாது.

"இனிமே பந்து இவகிட்ட. நீ போடவேணாம்," என்றார் என்னிடம். "ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நம்பர் சொல்லுவேன். அந்த நம்பர் பின்னாலயே போ. அவ தண்ணி குடிக்கப் போனா நீயும் போ. கக்கூசுக்குப் போனா வாசல்ல நில்லு."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விசில் ஊதினார். பயிற்சி தொடங்கியது.

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பெரட்டில் பேர் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டார், வேலையைப் பிரித்தார், முடிந்தது.

அந்த வேலை எவ்வளவு கேவலமான வேலை என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. எதிராளியின் இடுப்பைப் பார்க்க வேண்டும். கண்ணும் தோளும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது என்று சார் சொல்லியிருந்தார். அவள் திரும்புவதற்கு முன்னால் நான் திரும்ப வேண்டும். அவள் கூட்டாளிகள் நடுவில் வந்து சுவர் மாதிரி நிற்பார்கள், அவர்களுடைய முழங்கை என் விலாவில் இடிக்கும். விளையாடி முடித்து வீட்டுக்குப் போய்க் குளித்தால் விலாவிலும் தொடையிலும் நீலம் நீலமாக இருக்கும். இவ்வளவுக்கும் ஆட்டப் புள்ளி எழுதுகிற தாளில் எனக்கு நேரே ஒன்றும் எழுதமாட்டார்கள். புள்ளி எடுத்தால் எழுதுவார்கள், ஃபவுல் செய்தால் எழுதுவார்கள். ஒருத்தியைப் போடவிடாமல் செய்ததை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

நாலு ஆட்டம் அப்படி ஆடினேன். நாலும் வென்றோம். நான் மொத்தமாக எடுத்தது ஐந்து புள்ளி.

வேனில் வந்தவர்களுக்கு முதலில் குழப்பம். பிறகு சலிப்பு. பிறகு கோபம். மூன்றாவது ஆட்டத்தில் உறுமி வரவில்லை. பக்கக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு அவர்கள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். அவள் பின்னால் ஏன் நாய்க்குட்டி மாதிரி ஓடுகிறாள் என்றார் ஒருவர். இன்னொருவர், "பந்து கேளுடி, வாய் இல்லியா ஒனக்கு," என்று கத்தினார். அவர் எங்கள் லயத்தில் கடைசி வீடு. என்னைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவர்.

பந்து ரொட்டிக் கடைக்காரர் மகளிடம் போகும்போதெல்லாம் அவர்கள் ஊளையிட்டார்கள். சீனச்சிக்கு மட்டும் பந்து என்றார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஊளை எந்தப் பாஷையிலும் ஊளைதான். ஒரு தடவை என்னிடம் வந்து மலாயில், உன் ஆட்களுக்கு என் மேல் என்ன கோபம் என்று கேட்டாள். அவர்கள் அப்படித்தான், விட்டுவிடு என்றேன். வேறு என்ன சொல்வது?

இரண்டாம் சுற்றில் வடக்குப் பள்ளி மறுபடி வந்தது. சார் சொன்ன நம்பர் எட்டு.

என் வாழ்க்கையில் அப்படி ஓர் ஆட்டம் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. எட்டாம் நம்பர் பந்தைக் கையில் வாங்கவே அரைக் கோர்ட் தாண்டி வெளியே ஓடவேண்டியிருந்தது. வாங்கினாலும் நான் அங்கே இருந்தேன். மூன்றாம் பகுதியில் அவள் தன் கூட்டாளிகளையே திட்ட ஆரம்பித்தாள். நாலாம் பகுதியில் அவளே பந்தைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு நாலு புள்ளி. நாங்கள் வென்றோம்.

எனக்கு ஒன்றுகூட இல்லை.

ஆட்டம் முடிந்ததும் ரொட்டிக் கடைக்காரர் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எட்டாம் நம்பர் கழிவறையில் அழுகிறாள், நீதான் அழவைத்தாய் என்றாள். அவளுக்கு விளங்கியிருந்தது. அந்த இடத்தில் விளங்கியிருந்தது அவளுக்கும் சாருக்கும் மட்டும்தான். சார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

ஜெயித்துவிட்டு வருகிற வேன் மாதிரியே இல்லை, சாவு வீட்டுக்குப் போய்வருகிற மாதிரி இருந்தது. தலைவர் வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கோசோங்தானா பிள்ள?"

கோசோங் என்றால் ஒன்றும் இல்லை, வெறுமை. ஆமாம் என்றேன்.

"போடத் தெரியாமயா? இல்ல போட விடலியா?"

விடவில்லை என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அழுகிற குரலில் சொன்னேன். எட்டாம் நம்பருக்கு நாலே புள்ளி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீட்டுக்குப் போவதற்குள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஆட்டத்துத் தாளின் படம் வந்துவிட்டது. என் பெயருக்கு நேரே இருந்த சைபரைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அப்பா போனை எட்டப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பந்து ஏன் உன்னிடம் வருவதே இல்லை என்று கேட்டார். சார் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

"அவங்கப்பனும் அப்படித்தான். காரணம் சொல்ல மாட்டான்," என்றார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

இனி எனக்கு எது கிடைக்கும், எது போகும் என்று சொல்லிவிடுகிறேன். இறுதி ஆட்டத்துக்கு மாநில அணிக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் வருவதாக இருந்தது. மாநில அணிக்குப் போனால் விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே. ஆறாம் படிவம் படிக்கலாம். போகாவிட்டால் எனக்கு இருந்தது கையுறைத் தொழிற்சாலை. எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் போனார்கள். விடியற்காலை நாலே முக்காலுக்கு பஸ் வரும், புக்கிட் பெருந்துங் வரைக்கும் தூங்கிக்கொண்டே போவார்கள், இருட்டியதும் தூங்கிக்கொண்டே வருவார்கள். என் அக்கா அப்படிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் நுனி எல்லாம் ரசாயனம் பட்டு உரிந்து கிடந்தது.

சார் என்னிடம் சொன்னது, "மாநிலத்துலேர்ந்து பாக்க வராங்க. ஒன் வேலைய ஒழுங்கா செய்," என்பது மட்டும்தான்.

என் வேலையை ஒழுங்காகச் செய்தால் தாளில் சைபர் வரும். சைபர் எடுத்தவளை எந்தப் பைத்தியம் மாநில அணிக்குக் கூப்பிடும்? தோட்டம் முழுக்க இதையே கேட்டது. நானும் இதையே கேட்டேன். பதினேழு வயதில் நான் ஒன்றும் அவர்களைவிடப் புத்திசாலி இல்லை.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழி தெரியும். லயத்தில் மூன்று மாதம் தண்ணீர் வராமல் இருந்தபோது தனித்தனியாகப் போய் ஆபீசில் கேட்டார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மகஜர் எழுதினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கூட்டமாகப் போய், பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டுப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் புதுக் குழாய் வந்தது. தமிழ்ப்பள்ளிக் கூரைக்கும் அப்படித்தான். மகஜர் கொடுத்தால் நடக்கும். அது அவர்கள் வாழ்ந்து கண்டது. என் ஆட்டத்துக்கும் அதையே செய்தார்கள். ஒரு விளையாட்டு ஆசிரியர் ஒரு பிள்ளையை எங்கே நிறுத்துகிறார் என்பதற்கு உலகத்தில் வேறு யாராவது மகஜர் எழுதியிருப்பார்களா தெரியவில்லை. நாங்கள் எழுதினோம்.

தலைவர் உட்கார்ந்து எழுதியதைச் சத்தமாக வாசித்தார். திறமையுள்ள இந்திய மாணவி திட்டமிட்டு ஒதுக்கப்படுகிறார் என்று இருந்தது. கூடையில் பந்து போடக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டிருக்கிறது என்று இருந்தது. பயிற்றுநர் ஓர் இனத்து மாணவிகளுக்குச் சாதகமாக நடக்கிறார், அவரை உடனே மாற்ற வேண்டும் என்று முடிந்தது. தடை என்பது உண்மை. இனம் என்பது பொய். அது பொய் என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"மொதல்ல பாதிக்கப்பட்டவங்க போடணும்," என்றார் தலைவர். பேனாவை என் பக்கம் நீட்டினார். "போடு பிள்ள. நாங்க இருக்கோம்லா."

போட்டேன். தயங்கியதாக எழுதினால் நன்றாக இருக்கும். தயங்கவில்லை. எனக்குக் கீழே அப்பா போட்டார். பிறகு எல்லாரும் வரிசையாக வந்தார்கள்.

பள்ளிக்கும் போட்டிக் குழுவுக்கும் ஆளுக்கொரு நகல் போனது. தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்தது. தலைவர் தாளை நீட்டுகிறார், ஓர் அதிகாரி வாங்குகிறார், பின்னால் இருபது பேர் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடம் பயந்துபோனது. இனம் என்ற சொல் தாளில் வந்துவிட்டால் இந்த நாட்டில் யாருக்கும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தைரியம் இருக்காது. விசாரணை முடியும்வரை சார் அணிப் பக்கம் வரக் கூடாது என்றார்கள். இறுதி ஆட்டத்துக்கு நெட்பால் சொல்லிக்கொடுக்கிற ஓர் ஆசிரியையை அனுப்பினார்கள். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது. பத்திரிகை தெரியும்.

இறுதி ஆட்டம் மறுபடி வடக்குப் பள்ளியோடு, சுங்கை புரோங்கில், கூரை போட்ட ஒரு கோர்ட்டில். சுற்றிலும் அறுவடை முடிந்த வயல், வைக்கோல் எரிக்கிற புகை உள்ளே வந்துகொண்டே இருந்தது. ஒன்றுக்கு மூன்று வேன் வந்திருந்தது. உறுமி திரும்ப வந்தது. ரொட்டிக் கடைக்காரர் மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. மற்றவர்களும் அப்படித்தான். பத்திரிகைப் படத்தை அவர்களும் பார்த்திருந்தார்கள்.

ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு மலாயில், நீ விரும்புகிறபடி ஆடு, பந்து உன்னிடம்தான், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்றார். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

நான் போட்டேன். போட்டுக்கொண்டே இருந்தேன். இடம் இருந்தாலும் போட்டேன், இல்லாவிட்டாலும் போட்டேன். இருபத்திரண்டு புள்ளி. ஒவ்வொரு தடவையும் உறுமி அடித்தது, தகரக் கூரை அதிர்ந்தது. மறு பக்கம் எட்டாம் நம்பர் தனியாக நின்றாள். அவளை மறிக்க யாரும் இல்லை. முதல் பகுதியில் ஒரு தடவை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடினாள். நான் வரப்போகிறேன் என்று காத்திருந்தாள். நான் வரவில்லை என்று தெரிந்ததும் எறிந்தாள். பிறகு அவளும் நிறுத்தவில்லை. முப்பத்தைந்து எடுத்தாள்.

மாநிலத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். நீலச் சட்டை, மடியில் தாள். முதல் பகுதியில் என்னையே பார்த்தார்கள். அதைக் கவனித்து எனக்குக் கால் தரையில் இல்லை. மூன்றாம் பகுதியில் ஒருவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். நாலாம் பகுதி தொடங்கும்போது இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன.

பதினேழு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். என் ஆட்கள் கோர்ட்டுக்குள் இறங்கி எனக்கு மாலை போட்டார்கள். தோற்ற அணியில் ஒருத்திக்கு மாலை. மற்றப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள், நடுவில் நான் சாமந்தி மாலையோடு நின்றேன். இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று கத்தினார்கள். அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். எட்டாம் நம்பர் இருந்தாள். ரொட்டிக் கடைக்காரர் மகள் இருந்தாள். நான் இல்லை.

சார் அப்போதும் புவியியல் வகுப்பு எடுத்துக்கொண்டுதான் இருந்தார். பள்ளி முடிந்ததும் விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனேன். தன் பொருட்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு வெட்கமாக இல்லை. அதை இப்போது நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

"ரெண்டாஞ்சுத்து முடிஞ்சப்ப அவங்க எனக்குப் போன் பண்ணாங்க," என்றார். "எட்டாம் நம்பர நாலு புள்ளியில நிறுத்துனது யாருன்னு கேட்டாங்க. ஒம்பேர சொன்னேன். ஃபைனல்ல வந்து நேர்ல பாருங்கன்னு சொன்னேன். அவங்க அதப் பாக்கத்தான் வந்தாங்க. போடுற பிள்ளைங்க அவங்ககிட்ட ஏற்கெனவே எட்டுப் பேரு இருக்கு."

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவேன்னு நெனச்சேன்."

"எங்கப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

அவர் பெட்டியை மூடினார். "ஒங்க ஆளுங்ககிட்ட நான் பேசுனதில்ல," என்றார்.

ஒங்க ஆளுங்க. அவரும் தமிழர். அவர் பிறந்ததும் எங்கள் தோட்டத்து ஆபீஸ் குவார்ட்டர்ஸில்தான். லயத்திலிருந்து இருநூறு அடி இருக்கும். அத்தனை ஆட்டத்திலும் நான் என்ன செய்கிறேன் என்று பக்கக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு தடவை நடந்துபோய்ச் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பத்தடி நடக்க அவரால் முடியவில்லை. அவர் செய்தது நல்ல முடிவு. ஆட்டத்தைப் புரிந்தவர் செய்கிற முடிவு. அதை வாயைத் திறந்து சொல்லாமல் வைத்திருந்து அழுகவிட்டார். இதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் இல்லை.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கையெழுத்து நீயா போட்டியா, போடச் சொன்னாங்களா?"

"நானாத்தான் சார்."

சரி என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த வாரமே கோயில் மண்டபத்தில் அடுத்த கூட்டம். இருபத்திரண்டு புள்ளி எடுத்த இந்திய மாணவி மாநில அணியில் புறக்கணிப்பு, பின்னணியில் முன்னாள் பயிற்றுநரின் சதி. தலைவர் இரண்டாவது மகஜரை எழுதி முடித்திருந்தார். நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. மாநில ஆட்கள் பார்க்க வந்தது நான் மறிப்பதை, போடுவதை இல்லை என்றேன். சார்தான் என் பெயரைக் கொடுத்தார் என்றேன். முதல் மகஜரில் இனத்தைப் பற்றி இருந்தது பொய், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்றேன்.

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பாவமாகப் பார்த்தார்கள். என்னைத் தூக்கி வளர்த்த கடைசி வீட்டுக்காரர், "கிராணி மவன் பிள்ளைய மெரட்டியிருக்கான்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அது மண்டபம் முழுக்கப் போனது. மூச்சு விடுவதற்குள் அதுவே உண்மையாகிவிட்டது. மகஜரில் இன்னொரு வரி சேர்த்தார்கள், மாணவி மிரட்டப்பட்டிருக்கிறார் என்று.

நான் அப்பாவைப் பார்த்தேன். நம்புங்கள் என்று சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"இத்தன பேரு ஒனக்காக வேலைய விட்டு வந்துருக்காங்க. அசிங்கப்படுத்தாத."

பேனா வந்தது. நான் வாங்கவில்லை. பிறகு தலைவர், பயப்படாதே, உனக்குப் பதிலாக நான் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி, முதல் வரியில் என் பெயரைத் தன் கையெழுத்தில் எழுதினார். அப்பா அதற்குக் கீழே போட்டார்.

அந்த மகஜராலும் பட்டியல் மாறவில்லை. சாரை கெர்லிங் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே கூடைப்பந்துக் கோர்ட் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் பள்ளியில் பெண்கள் அணி அடுத்த வருஷமே இல்லாமல் போனது. பரீட்சை முடிந்த மறு மாதம் நான் நாலே முக்கால் பஸ்ஸில் ஏறினேன். ஒன்பது வருஷம் ஆகிறது.

தோட்டத்தில் யாரும் என்னைக் குறை சொல்வதில்லை. அநியாயம் செய்துவிட்டான் கிராணி மவன் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள், என் முகத்துக்கு நேரே, ஆறுதலாக. இரண்டாவது மகஜரில் இருப்பது என் கையெழுத்து இல்லை என்று சாருக்கு எழுதலாம் என்று இரண்டு மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறேன். முதலாவதில் இருப்பது என்னுடையது. அதை எழுதாமல் இதை மட்டும் எப்படி எழுதுவது? தாளை மடித்து வைத்துவிடுவேன்.